72-பி: படத்துக்குப் பிறகு வந்த ஊர்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு ரயில் பாதை நெடுகிலும் ஊர்கள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. கிழக்கிலிருந்து மேற்கே போனால் பன்னிச்சி, குவின்டன், ரேமோர், செமன்ஸ், டேட், அண்டோரா, வென், வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று P-யிலிருந்து Z வரை வரும். கடைசி எழுத்து வந்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் அசரவில்லை. அடுத்த ஊருக்கு ஆலன் என்று பெயர் வைத்து, பிராட்வெல், கிளேவட் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனியின் பெயர் கிராண்ட் டிரங்க் பசிபிக். 1907, 1908 வாக்கில் இந்தப் புல்வெளியில் தண்டவாளம் போட்டுக்கொண்டே மேற்கே போனவர்கள். அப்போது பெயர் வைப்பதற்கு அங்கே ஊர் இருக்கவில்லை. ஏழெட்டு மைலுக்கு, மிஞ்சினால் பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன் என்று குறித்தார்கள். வரிசையில் அடுத்த எழுத்துக்கு ஒரு பெயரை எடுத்து வைத்தார்கள். ஆட்கள் அப்புறம் வந்து சேர்ந்தார்கள்.

டேட்டுக்கும் அண்டோராவுக்கும் நடுவில் நோக்கோமிஸ் என்று ஓர் ஊர் வரிசையைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறது. ரயில் வருவதற்கு முன்பே அங்கே ஒரு தபால் நிலையம் இருந்தது. அதை நடத்திய அம்மாள் வைத்த பெயர் அது. பெயரை மாற்ற முடியவில்லை. எனக்கு அந்தத் தபால்கார அம்மாள்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுச் சுவரில் இந்த இடத்தின் நிலவரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. 1960களில் ஒட்டாவாவில் அச்சான தாள். சாஸ்கடூனில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த மீன்தூண்டில்களுக்கும் கறுத்துப்போன கரண்டிகளுக்கும் பக்கத்தில் சுருட்டிக் கிடந்தது. எண் 72-பி (72-P), பெயர் வின்யார்ட். அளவு விகிதம் 1:2,50,000. அதாவது தாளில் ஓர் அங்குலம் தரையில் கிட்டத்தட்ட நாலு மைல். தெற்கு வடக்காக 51-வது பாகையிலிருந்து 52 வரை, கிழக்கு மேற்காக 104-லிருந்து 106 வரை. பரப்பைக் கணக்குப் போட்டால் பழைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம் ஏறத்தாழ இரண்டு அடங்கும். அவ்வளவு இடத்தில் பெரிய ஊர் என்றால் வாட்ரஸ், அடுத்தது வின்யார்ட். இன்றைக்கும் இரண்டில் எதிலும் இரண்டாயிரம் பேர் கிடையாது.

தாளை விரித்துப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒரு தற்செயல் இது. பன்னிச்சி வலது ஓரத்துக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஸெல்மா இடது ஓரத்தை ஒட்டி முடிகிறது. ஆலனைத் தேடினால் அடுத்த தாளில்தான் கிடைக்கும். ஆக அகரவரிசையில் P முதல் Z வரை முழுக்க இந்த ஒரே தாளில், வலமிருந்து இடமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இடது ஓரம், அதாவது 106-வது பாகை, கனடிய நில அளவையில் மூன்றாவது மெரிடியன், எண்ணிக்கை தொடங்கும் வடக்கு தெற்குக் கோடு. நிலத்துக்கான எண்களும் அங்கேதான் தீர்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கின்றன. ரயில்காரர்களும் சர்வேக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்கள்: காலியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வரிசை எண் போட்டுவிட்டு, பிறகு மனிதர்களைக் கூப்பிட்டவர்கள்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சாஸ்கடூனில் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு மேல் நாய்கூட நடமாடாது. டீக்கடை இல்லை, பேப்பர் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவர், மூன்றாம் நாள் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"என்னடா இது, ஒருத்தன் நிலம்கூட வளையலையே?"

வளையவில்லைதான். அப்பா பார்த்துப் பழகிய புலப்படத்தில் ஒரு வயலின் எல்லை வாய்க்காலோடு போகும், வரப்பில் திரும்பும், பனைமரத்தருகே உடைந்து உள்ளே வரும். எஃப் லைன், ஜி லைன் என்று கோடு இழுத்து, ஒவ்வொரு கோணலையும் அளந்து எழுதுவதுதான் அவர் காலமெல்லாம் செய்த வேலை. நிலம் எப்படிக் கிடக்கிறதோ, படம் அதன் பின்னால் போகும். இங்கே தலைகீழ். 1871-ல் ஆரம்பித்த டொமினியன் நில அளவையில் முதலில் கட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் மைலுக்கு மைல் என்று 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். செக்‌ஷனை நாலாக வெட்டினால் கால் செக்‌ஷன், 160 ஏக்கர். பத்து டாலர் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது, ஒரு வீடு கட்டி, வருஷத்துக்கு ஆறு மாதம் என்று மூன்று வருஷம் குடியிருந்து காட்டினால் அந்தக் கால் செக்‌ஷன் சொந்தம்.

செக்‌ஷன்களின் எண்கள் தென்கிழக்கு மூலையில் ஒன்றில் ஆரம்பித்து மேற்கே போய், ஆறில் திரும்பி, ஏழு அதன் தலைக்கு மேல், பிறகு கிழக்கே, மறுபடி திரும்பி மேற்கே என்று, மாடு பூட்டி உழுகிறவன் வரப்புவரை போய்த் திரும்புகிற மாதிரியே போகும். தாள்களுக்கு எழுத்து கொடுத்ததும் இதே முறையில்தான்.

அந்த 36-லும் யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதியாயிற்று. 11-ம் 29-ம் பள்ளிக்கூடங்களுக்கு. அவற்றை விற்ற பணம் பள்ளிகளுக்குப் போகும். 8-ம், 26-ல் பெரும்பகுதியும் ஹட்சன் பே கம்பெனிக்கு. இந்தப் பிரதேசம் முழுவதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனி, அதை கனடாவுக்கு விட்டுக்கொடுத்தபோது நல்ல நிலத்தில் இருபதில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மற்ற ஒற்றைப்படை எண்கள் ரொம்ப காலம் ரயில் கம்பெனிகளுக்காக ஒதுக்கிக் கிடந்தன. கனடியன் பசிபிக் ரயில்வேக்கு மட்டும் இரண்டரைக் கோடி ஏக்கர் பேசப்பட்டது. மிச்ச இரட்டைப்படைகள்தாம் பத்து டாலர்க்காரர்களுக்கு.

"நல்லா இருக்கே! ஊர்ல குடியே இல்ல, அதுக்குள்ள கோயில் நிலம், ஜமீன் நிலம் எல்லாம் பிரிச்சாச்சு," என்றார் அப்பா.

ஆனால் அவரை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது சங்கிலிதான். இந்தக் கட்டங்களை அளந்தது 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய ரெக்கார்டுகளில் இருந்த அதே கன்டர் சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊரில் மனை விற்கிறவர்கள் வாய்க்கு வாய் சொல்கிற சென்ட் அதில் நூறில் ஒன்று, அதாவது ஆயிரம் சதுரக் கண்ணி. பதினேழாம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த ஒரு கணக்கு வல்லத்துக்கும் வாட்ரஸுக்கும் பொதுவாக இருக்கிறது. அப்பா தன் கைப்பேசியில் கால் செக்‌ஷனைச் சென்ட் கணக்கில் போட்டார்: 16,000 சென்ட். அந்த எண்ணைச் சொல்லி அம்மாவுக்கு ஊருக்கு போன் செய்தார்.

அந்தச் சங்கிலியை ஒருவர் மிதித்து நிறுத்திய கதையை அவருக்குச் சொன்னேன். 1869 அக்டோபர் 11, டொமினியன் அளவை முறையாக ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு. இன்றைய வினிப்பெக் அருகே ஆந்த்ரே நோல்ட் என்பவரின் மேய்ச்சல் நிலத்தில் அரசு சர்வே கோஷ்டி அளந்துகொண்டு வந்தது. அங்கே இருந்தவர்கள் மெட்டிகள். பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் வணிகர்களுக்கும் ஆதிகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில் உருவான தனி மக்கள். ஆற்றங்கரையில் ஆளுக்கு ஒரு குறுகலான துண்டு, பின்னால் மைல்கணக்கில் நீண்டு போகும் நிலம் என்று பிரித்து வாழ்ந்தவர்கள். எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் புல். சதுரம் போட்டால் அந்த ஏற்பாடே போய்விடும். லூயி ரியெல் என்ற இருபத்துநாலு வயதுக்காரரும் கூட வந்த ஆட்களும் குறுக்கே போய், சங்கிலியின் மேல் காலை வைத்து, இதற்கு மேல் போகக்கூடாது என்றார்கள். கோஷ்டி திரும்பிப் போனது. அந்த மறியல் வளர்ந்து மனிடோபா மாகாணம் பிறக்கக் காரணமானது. 1885-ல் இந்தச் சஸ்காச்சுவானிலேயே பட்டோஷில் இன்னொரு மோதல் நடந்து, மெட்டிகள் தோற்று, ரியெலை ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள்.

அப்பாவுக்கு இது புதுசாகப் படவில்லை. "செயினை மிதிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் இல்லாத கிராமமே கிடையாதுடா. செயின்மேன் பயந்து போய் என் மூஞ்சியப் பார்ப்பான். பேசித்தான் சரிக்கட்டணும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன, நாங்க யாரையும் தூக்குல போடல," என்று சேர்த்துக்கொண்டார்.

படத்தை இப்படிப் படித்தபின் சும்மா இருக்க முடியுமா? காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சாஸ்கடூனிலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் வாட்ரஸ். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் மண்ணும் சரளையும் கலந்த கட்டச் சாலைகள். திசை மாறாமல், திருப்பம் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். தாளில் இவை மெல்லிய கோடுகள். மைல் என்பது ஆறரை மில்லிமீட்டர்கூட இல்லை. வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. அதனால்தான் படத்தில் கட்டங்கள் சதுரமாக இல்லாமல் நின்ற வாக்கில் நீள்சதுரமாகத் தெரிகின்றன. அப்பா இதை வீட்டிலேயே கவனித்துக் கேட்டுவிட்டார்.

வாட்ரஸுக்குத் தெற்கே சில மைலில், நேராகப் போன சாலை திடீரென்று ஒரு குறுக்குச் சாலையில் முட்டி நின்றது. எதிரே வயல். இடப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால், விட்ட இடத்திலிருந்து சாலை மறுபடி தெற்கே போகிறது. இதற்குத் திருத்தக் கோடு என்று பெயர். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். தட்டைச் சதுரங்களை அதன்மேல் ஒட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பொருந்தாது. எனவே 24 மைலுக்கு ஒரு முறை கணக்கை வெட்டி, புதிதாக அகலம் அளந்து ஆரம்பித்தார்கள். மேலே வரும் கோடும் கீழே வரும் கோடும் அந்த இடத்தில் சேராது. சில இடத்தில் சில அடி விலகும், சில இடத்தில் கால் மைல், அரை மைல். டவுன்ஷிப்களைத் தெற்கிலிருந்து வடக்காக எண்ணினால், இந்தத் தாளில் அப்படி 26-க்கும் 27-க்கும், 30-க்கும் 31-க்கும், 34-க்கும் 35-க்கும் இடைப்பட்ட எல்லைகளில் வருகின்றன. இரவில் பழக்கமில்லாதவன் ஓட்டினால் வயலுக்குள் இறங்க வேண்டியதுதான். ஒட்டாவாவில் மேசைமேல் போட்ட கட்டம் பூமியிடம் தோற்றுப்போன இடம் இது. என்னைக் கேட்டால் முழுத் தாளிலும் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். அப்பா காரை விட்டு இறங்கி, மூலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டிபார்ட்மெண்டுக்காரன் எங்கேயும் ஒரே மாதிரிதான். பிழையை மறைக்க மாட்டான், ஓரமாத் தள்ளி வெப்பான்," என்றார்.

டேட், வென் எல்லாம் படத்தில் பெரிய எழுத்தில்லாவிட்டாலும் ஊர் என்று நம்பும்படி இருக்கின்றன. நேரில் போனால் தண்டவாளம் இருக்கிறது, ஊர் பேருக்குத்தான். வீடு இருந்த இடத்துக்கு அடையாளம் கராகனா வேலி. காற்றைத் தடுக்க நடும் ஒரு முரட்டுப் புதர் அது. இண்டியன் ஹெட் என்ற இடத்தில் அரசு நாற்றங்கால் வைத்து 1901-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுத்துக்கொண்டிருந்தது. வீடு போய், கிணறு தூர்ந்து, குடும்பம் நகரத்துக்குப் போனபிறகும் கராகனா மட்டும் செவ்வக வரிசையில் அப்படியே நிற்கும்.

ஊர்கள் ஏன் போயின என்பதும் அந்த ஏழெட்டு மைல் கணக்கிலேயே இருக்கிறது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு ஒரு விவசாயி காலையில் கிளம்பி, ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஏற்ற தூரத்தில் ஸ்டேஷன். ஸ்டேஷனில் எலிவேட்டர், எழுபது எண்பது அடி உயரத்துக்கு மரத்தால் கட்டிய தானியக் கோபுரம். தானியத்தை வாளிப் பட்டையில் மேலே ஏற்றி, அறை அறையாகக் கொட்டி, வேண்டும்போது குழாய் வழியாக ரயில் பெட்டிக்குள் விடுவார்கள். எலிவேட்டரைச் சுற்றி ஒரு கடை, தபால் நிலையம், சர்ச், ஒரு சீனர் நடத்தும் சாப்பாட்டுக் கடை என்று வரும். அதுதான் ஊர். 1930களில் மூன்று புல்வெளி மாகாணங்களிலும் சேர்த்து 5,700-க்கு மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. லாரியும் சரளைச் சாலையும் வந்ததும் குதிரை வண்டிக் கணக்கு செல்லாமல் போனது. ஐம்பது மைல் தாண்டி ஒரு பெரிய கான்கிரீட் கிடங்குக்கு ஓட்டிக்கொண்டு போவது லாபம் என்று ஆனபின் நடுவில் இருந்த எழுத்துகளுக்கு வேலை இல்லை. ரயில் நிற்கவில்லை என்பதால் ஊர் போகவில்லை. நிற்க வேண்டிய அவசியம் போனதால் ஊர் போனது. பாதை இன்றும் சி.என். (கனடியன் நேஷனல்) ரயில் கம்பெனியின் முக்கியப் பாதைதான். மைல் நீளத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிய சரக்கு ரயில்கள் டேட்டைத் தாண்டிப் பறக்கின்றன. டொரான்டோவிலிருந்து வான்கூவர் போகும் பயணி ரயில் வாட்ரஸில் நிற்கும்.

வாட்ரஸுக்கு வடக்கே படத்தில் நீளமாக ஒரு நீலப் பட்டை: லிட்டில் மனிடூ ஏரி. அப்பாவின் விரல் முதலில் போய் நின்ற இடம் அது. ஏரிக்குள் வந்து சேரும் ஓடைகளைத் தடவிக்கொண்டே வந்தவர், வெளியே போகும் வாய்க்காலைத் தேடினார். இல்லை. டெல்டாக்காரர் அல்லவா? ஆறு பிரிந்து வாய்க்காலாகி, வாய்க்கால் வடிகாலாகி, எல்லாம் கடலுக்குப் போயாக வேண்டும் அவருக்கு. இங்கே பனிப்பாறைகள் உருகி விட்டுப்போன பள்ளங்களில் தண்ணீர் வந்து தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சும். சோடியம், மக்னீசியம், சல்ஃபேட் எல்லாம் சேர்ந்து அந்த ஏரித் தண்ணீர் அவ்வளவு கனம். நீச்சல் தெரியாத அப்பா மல்லாந்து படுத்தார், மூழ்கவில்லை. கரையில் 1928-ல் கட்டிய டான்ஸ்லேண்ட் என்ற நடனக் கூடம் இருக்கிறது. ஆடுகிறவர்களுக்குக் கால் வலிக்காமல் இருக்கத் தரைப் பலகைக்கு அடியில் குதிரை மயிர் வைத்துக் கட்டியது.

படத்தின் வடகிழக்கில் குவில் ஏரிகள். அவற்றுக்கும் வெளிவாசல் கிடையாது. 2005-க்குப் பிறகு மழை கூடிய வருஷங்களில் ஏரி பல அடி உயர்ந்து, கரையோரப் பண்ணைகளையும் கட்டச் சாலைகளையும் விழுங்கிவிட்டது. 1960களின் கரைக்கோடு இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. அதே தாளில் படம் காட்டாத இன்னொரு பொருள் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் படுத்திருக்கிறது: பொட்டாஷ். பழைய கடல் வற்றிய உப்பு. லானிகன், கொலன்ஸே என்று இந்தத் தாளுக்குள்ளேயே சுரங்கங்கள் வந்துவிட்டன. ஜான்சன் என்ற இடத்தில் இப்போது பி.எச்.பி. என்ற ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனி புதிதாக ஒன்று கட்டுகிறது. நம் ஊர் உரக்கடையில் சிவப்பாக, கல் உப்பு மாதிரி விற்கிற பொட்டாஷ் மூட்டையில் இங்கிருந்து போனதும் இருக்கும். இந்தியா தன் தேவைக்கு முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது.

திரும்பி வரும்போது அப்பா கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"இங்க புறம்போக்கு எதுடா?"

யோசித்தேன். செக்‌ஷன்களுக்கு இடையில் சாலைக்கென்று ஒதுக்கிய நிலம் உண்டு. அகலம் ஒரு சங்கிலி, 66 அடி. சாலை போட்டாலும் போடாவிட்டாலும் அது அரசு நிலம். 1885-க்குப் பிறகு நிலமிழந்து சிதறிய மெட்டிகள் பலர் அந்தச் சாலைப் புறம்போக்கில்தான் குடிசை போட்டார்கள். வேறு இடம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் எண் இருந்தது, எண்ணுக்குச் சொந்தக்காரன் இருந்தான். 'சாலை ஒதுக்கீட்டு மக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. நிலவரி கட்டாதவர்கள் என்பதால் பல இடங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. கோதுமை அறுவடைக்கும் கல் பொறுக்கவும் மட்டும் கூப்பிடுவார்கள். 1930களின் இறுதியில் மனிடோபாவில் செயின்ட் மடலின் என்ற மெட்டி ஊரை மேய்ச்சல் நிலத்துக்காகக் காலி செய்து வீடுகளைக் கொளுத்தினார்கள். அப்படி நடந்தது அந்த ஒரு இடத்தில் மட்டுமல்ல.

இப்போது 72-பி தாளுக்கு வருவோம். 66 அடி என்பது 20 மீட்டர். இந்த விகிதத்தில் தாளில் அதன் அகலம் 0.08 மில்லிமீட்டர். அச்சடித்த கோடே அதைவிடத் தடிமன். ஒரு மக்கள் கூட்டம் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த நிலம், தன்னைக் குறிக்கும் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். யாரோ வேண்டுமென்று மறைத்ததில்லை, விகிதம் அப்படி. ஆனால் அந்த விகிதத்தில் ஸீனா தெரிகிறது, அண்டோரா தெரிகிறது. பன்னிச்சிக்குத் தெற்கே ஜார்ஜ் கோர்டன் ஆதிகுடிகளின் ரிசர்வ் எல்லையும் கோடு போட்டுத் தெரிகிறது. 1874-ல் அரசோடு நாலாம் ஒப்பந்தம் எழுதியபின் அவர்களுக்கு விட்டுவைத்த துண்டு அது. அங்கிருந்த உறைவிடப் பள்ளியை 1996-ல்தான் மூடினார்கள். கட்டம் போடுவதற்கு முன்னால் மெட்டிகளின் மாட்டு வண்டிகள் டச்வுட் குன்றுகள் வழியாக வடமேற்கே கார்ல்டன் கோட்டைக்குக் குறுக்காகப் போன தடம் மட்டும் இல்லை. கட்டத்தின் மேல் மூலைவிட்டமாகப் போகிற எதற்கும் இங்கே இடமில்லை, ரயிலைத் தவிர.

இதை நான் சாலையோரத்தில் காரை நிறுத்தி, பானட்டின்மேல் தாளை விரித்து அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. கட்டச் சாலையில் யாராவது நின்றால் வண்டி ரிப்பேரா என்று கேட்காமல் போக மாட்டார்கள். எழுபது வயதுக்காரர், விவசாயி. ரிப்பேர் இல்லை, மேப் பார்க்கிறோம் என்றதும் இறங்கி வந்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும், 2017-ல் நாங்கள் பட்டாணிக்கு 50 சதவீதம் வரி போட்டதைச் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம் குதிரில் அடைத்து வைத்துவிட்டு விலைக்குக் காத்துக்கிடந்தாராம். இந்த முறை மைசூர்ப் பருப்பு போட்டிருக்கிறார். அப்பா விடவில்லை. தன் ஆபீஸ் ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் தாளடி அறுத்த ஈரத்தில் உளுந்து தெளிக்கிறவனுக்கும் விலை வேண்டாமா என்று கேட்டார். அதுவும் சரிதான் என்றார் அவர்.

உங்கள் நிலம் எது என்று கேட்டதற்கு அவர் விலாசம் சொல்லவில்லை. எந்தக் கால், எந்த செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், எந்த மெரிடியனுக்கு மேற்கே என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "சர்வே நம்பரையே அட்ரஸாச் சொல்றார் பாரு!" பெரியவர் என் பேனாவை வாங்கி, தாளில் அனுமதி கேட்காமலேயே திருத்த ஆரம்பித்தார். இந்தச் சாலை இப்போது இல்லை, ஒரு அடி. இந்தக் குட்டை இரண்டு மடங்காகிவிட்டது, ஒரு வட்டம். இந்த எலிவேட்டரை இடித்தபோது நான் நின்று பார்த்தேன், இன்னொரு அடி. நான் ஆசையாக வைத்திருந்த தாள். தடுக்க வாய் வரவில்லை.

அவர் நிலத்தை ஒட்டி, சாலை போடாமல் விட்ட 66 அடி ஒன்று படத்தில் இருக்க வேண்டும். தரையில் தேடினால் காணோம். பருப்புச் செடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே பச்சை. அப்பா அதைப் பார்த்துவிட்டார். அது அரசாங்க நிலம்தானே என்று கேட்டார். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எல்லோரும் கொஞ்சம் உள்ளே தள்ளி விதைக்கிறதுதான், நகராட்சிக்காரர்களும் கண்டுகொள்வதில்லை என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பி, தமிழில், "எத்தனை அடி உள்ள வந்திருக்கார்னு கேளுடா," என்றார்.